விலாங்கு போன வழி

கொச்சி மட்டாஞ்சேரியில் ரவிக்கை தைக்கிற கங்காவைக் கல்லூரிக்குள் கொண்டுபோனது மழைதான். வாசலில் ஒதுங்கி நின்றவளை, "உள்ள வாங்க சேச்சி, யாரு வேணும்னாலும் கேக்கலாம்" என்று ஒரு மாணவி கூப்பிட்டாள். உள்ளே ஒருவர் வௌவால்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாதி மலையாளம், பாதி இங்கிலீஷ். திரையில் ஒரு தாய் வௌவால், குட்டியை மாரோடு ஒட்டவைத்தபடியே பறந்தது. கணவன் போன பிறகு மகளைத் தனியாளாய் வளர்த்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாதம் ஒரு பேச்சு என்றார்கள்; அடுத்த மாதமும் போனாள்.

அங்கேதான் சிவசங்கரனைப் பார்த்தாள். பம்பு ஹவுஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், மகன் வீட்டில் இருப்பவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. முதலில் தெரிந்தது குறட்டைதான். வீணையைப் பற்றி ஒரு அம்மா உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்க, பக்கத்து நாற்காலியில் இந்த மனிதர் அசந்து தூங்கினார். கங்கா குடையால் இடித்தாள்.

"தூங்கணும்னா வீட்ல தூங்கலாமே சார்?"

"சாரா? நான் பம்பு ஆபரேட்டருங்க. சத்தத்துக்கு நடுவுலயே தூங்கிப் பழகிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே ஜிதின் கடையில் சாயா குடிக்கும்போது, வீணை பெரிதா வௌவால் பெரிதா என்று சண்டை போட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் ஒரு சாயா, ஒரு சண்டை.

அடுத்து விலாங்கு மீனைப் பற்றிப் பேச்சு என்று அறிவித்ததும் சிவசங்கரன் குழந்தையாகிவிட்டார். "கும்பளங்கியில அதப் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்து போன பல்லு இது" என்று வாயைத் திறந்து இடைவெளியைக் காட்டினார்.

ஆனால் அன்றைக்கு அவரைக் காணோம். பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்த கங்கா வாசலையே பார்த்தாள். பேச்சு முடிந்ததும் ஜிதினிடம் ஓடினாள்.

"கண்ணு ஆபரேஷன் கழிஞ்ஞல்லோ, சேச்சி அறிஞ்ஞில்லே?" என்றான் அவன். சிவசங்கரனுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது அவளுக்குத்தான் தெரியவில்லை. வீட்டுக்கு வழியும் சொன்னான்.

மறுநாள் காலையில் போனாள். மருமகள் ஷைலஜா கதவைத் திறந்தாள்.

"யாரு?"

என்ன சொல்வது என்று கங்கா யோசித்து வரவில்லை. "நேத்து நடந்த பேச்சைச் சொல்ல வந்தேன்" என்றாள்.

ஒரு கண்ணில் கட்டோடு சாய்ந்திருந்தவர் குரல் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். "விலாங்கா? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சொன்னாள். காயலில் வருஷக்கணக்காய்ச் சேற்றுக்குள் கிடக்கிற விலாங்குக்கு ஒருநாள் கடல் ஞாபகம் வந்துவிடுகிறது. வயிறு சுருங்குகிறது, கண் பெரிதாகிறது, தீனியை விட்டுவிட்டு ஆழ்கடலுக்குப் புறப்படுகிறது. அங்கே முட்டையிட்டுச் செத்துப்போகிறது. கண்ணாடி மாதிரிக் குஞ்சுகள் வழி சொல்ல ஆளில்லாமலே கரைக்கு வருகின்றன. கைகளை வளைத்து வளைத்து அவள் நீந்திக் காட்டினாள். மீன்கறியை அடுப்பில் விட்டுவிட்டு ஷைலஜாவும் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, நம்ம விலாங்கு எந்த எடத்துல போய் முட்டை போடுது?" என்று கேட்டார் அவர்.

"அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாதாம். பேசினவரே சொல்லிட்டாரு."

"அடடா!" சிவசங்கரன் தொடையில் தட்டினார். "நல்ல மீனு!"

கறி தீய்ந்த வாசனை வந்தது. ஷைலஜா அலறிக்கொண்டு ஓடினாள். அந்தச் சின்ன இடைவெளியில் அவர் மெல்லக் கேட்டார்.

"நாளைக்கும் வருவீங்களா?"

"நாளைக்குப் பேச்சே இல்லையே."

"பேச்சு இல்லாட்டியும்."

கங்கா முந்தானையைச் சரிசெய்தாள். "வர்றேன்" என்றாள்.

கட்டுப் பிரிக்கும்வரை தினமும் போனாள். கடைசியில் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற விஷயத்தைக் கங்காவின் மகளிடம் சொன்னவள் ஷைலஜாதான். கங்காவுக்கு வாய் வரவில்லை. களமசேரியிலிருந்து கோபமாகக் கிளம்பி வந்த மகள் ரஜிதா, சிவசங்கரனோடு ஒருமணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"முந்தியே சொல்லியிருக்கலாம்லம்மா. இங்க தனியா இருக்கியேன்னு நான் எத்தனை நாள் தூங்கல தெரியுமா?"

கங்கா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். ஆவணியில் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. ரஜிதாவும் ஷைலஜாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.