இளியும் எளியும்

மறுபடியும் விமானம் ஓடுதளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு சிதறியபோது தமயந்தி இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். திரை கறுத்துப்போனது. கம்ப்யூட்டர் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல், திரும்ப ஆடுகிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டது. வாசற்படியில் உட்கார்ந்து வேகவைத்த கடலையை உரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் கணேசமூர்த்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்த தடவையும் மண்ணுதானா?" என்றான்.

அவனுக்கென்ன, கிண்டல். அவளுக்கல்லவா உயிர் போகிறது. பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் அவள் வேலை பார்க்கும் ஒயர் கம்பெனியில் புனேவுக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு ஆள் அனுப்புகிறார்கள். போய்வருகிறவருக்கு லைன் லீடர் பதவி. ஆம்பூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் ஒயர் முனைகளைச் சோதித்துச் சோதித்து, நின்றே மரத்துப்போன கால்களுக்கு அந்த லைன் லீடர் நாற்காலிமேல் அப்படி ஓர் ஆசை. ஆனால் போக வர விமானமாம். அங்கேதான் வந்தது வினை. ஏறுவதுகூடப் பரவாயில்லை, அது பாட்டுக்கு மேலே போகும். அவ்வளவு பெரிய இரும்பை எப்படித்தான் தரையில் இறக்குவார்கள் என்பதுதான் அவளுக்குப் பயம். ஆபீஸில் சீனிவாசராகவன் சார் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லிடும்மா. இல்லன்னா சோனியா பேரைப் போட்டுருவேன்." சோனியா நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நேற்று வந்தவள். அவள் உட்கார்ந்து இவள் நிற்பதா?

இன்று ஞாயிற்றுக்கிழமை. வெயிலும் சாயத் தொடங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு ரக்ஷாதான் இந்த யோசனையைச் சொன்னவள். தும்கூர்க்காரி, கல்யாணமாகாத பெண், விளையாட்டுப் பைத்தியம். மூன்று மாதம் டீ காபி வெளியில் குடிக்காமல் மிச்சம் பிடித்து, விமானம் ஓட்டும் விளையாட்டும் அதற்கென்று ஒரு கைப்பிடிக் கம்பியும் வாங்கி வைத்திருந்தாள். "அக்கா, ஒந்து சல, ஒரே தடவை, நீங்களே இறக்கிப் பாருங்க. ஆமேலே பயமே இருக்காது," என்று பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொல்லி, காலையிலேயே தமயந்தியைத் தன் வீட்டுக்கு இழுத்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், தமயந்திக்கு ஓட்டுவது நன்றாகவே வந்தது. ஒயர் பிடித்துப் பழகிய விரல்கள், கம்பியை நோகாமல் அசைத்தன. மேகத்தை விட்டு இறங்கும்போது கீழே பெங்களூரின் ஏரிகளும் கட்டடங்களும் தெரிய, "ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு பாருங்க," என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஓடுதளம் நேராக வரும், இறக்கை ஆடாது, எல்லாம் ஒழுங்காகப் போகும். தரை நெருங்க நெருங்க இயந்திரக் குரல் ஒன்று உயரத்தைச் சொல்லிக்கொண்டே வரும். ஐம்பது, நாற்பது, முப்பது. அந்த நேரம் பார்த்து ரக்ஷா காதருகே படபடப்பாள்: "இளி அக்கா, இளி, இளி."

கன்னடத்தில் தமயந்தி கற்ற முதல் வார்த்தையே அதுதான். இந்த ஊருக்கு வந்த புதிதில் பஸ் கண்டக்டர் அவளைப் பார்த்து "இளி, இளி" என்றபோது, இந்த ஆள் எதற்கு என்னைப் பல்லைக் காட்டச் சொல்கிறான் என்று முறைத்திருக்கிறாள். இறங்கு என்கிறான் என்று புரிவதற்குள் அவள் ஸ்டாப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வார்த்தையை மறந்ததில்லை. ஆகவே ரக்ஷா சொன்னதும் இன்னும் இறக்க வேண்டும் போல என்று கம்பியை முன்னால் தள்ளுவாள். விமானம் தலைகுப்புறப் போய்க் குத்தும்.

"எனக்கு வராதுடி," என்று தமயந்தி எழுந்துவிட்டாள். "சோனியாவே போவட்டும்." போனை எடுத்து, சார் என்னால் என்று எழுதத் தொடங்கினாள்.

"இல்ல அக்கா, கடைசியில என்ன ஆகுது உங்களுக்கு? எல்லாம் சரியா வந்து, கடைசியில ஏன் தள்றீங்க?"

"நீதான இளி இளின்னு கத்துற. நான் இறக்கத்தான செய்றேன்."

ரக்ஷா வாயைப் பிளந்தாள். "இளியா? நான் எங்க இளி சொன்னேன்? எளி. எளி அந்தே அக்கா, எளின்னுதான் சொன்னேன்." தமயந்தியின் கையைப் பிடித்துக் கம்பியைப் பின்னால் இழுத்துக் காட்டினாள். "எளின்னா இழுங்க. மூக்கைத் தூக்கணும். அப்பதான் பின்சக்கரம் முதல்ல தொடும்."

கணேசமூர்த்திக்குக் கடலை புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "உனக்குக் கன்னடம் தெரியாம இருந்திருந்தா அத்தனை பேரும் பொழைச்சிருப்பாங்கடி," என்றான். தமயந்திக்கும் சிரிப்பு பீறிட்டது. ரக்ஷாவின் தோளில் சாய்ந்து, மூச்சு முட்ட, விலா வலிக்கச் சிரித்தாள். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எழுதியதை அழித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

இந்த முறை ரக்ஷா வாயே திறக்கவில்லை. கணேசமூர்த்தி எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான். ஐம்பது, நாற்பது. தரை எழும்பி வந்தது. முன்னால் தள்ளச் சொல்லிக் கை துடித்தது. முப்பது. "எளி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மெல்ல இழுத்தாள். மூக்கு நிமிர்ந்தது. பின்சக்கரம் தொட்டு, ஒரு தரம் எகிறி, திரும்பத் தொட்டது. விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடி, புல்லில் பாதியும் ஓடுதளத்தில் பாதியுமாகக் கோணலாய் நின்றது. சிதறவில்லை. திரை கறுக்கவில்லை.

தமயந்தி போனை எடுத்து, "சார், தமயந்தி பேசறேன். புனேவுக்கு என் பேரையே போடுங்க சார். நான் போறேன்," என்று பதிந்து அனுப்பினாள். சந்தோஷத்தில் காது சுட்டது.

"சூப்பர் அக்கா. இன்னொரு ஆட்டம், இப்ப நேரா நிறுத்தலாம்," என்று ரக்ஷா மவுஸை எடுக்கப் போனாள். தமயந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடி. உள்ள ஜனங்க இருக்காங்க. எல்லாரும் இறங்கட்டும்."

கணேசமூர்த்தி இதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்தான். திரையில் புல் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. விமானத்தின் மூடிய கதவைப் பார்த்தபடி மூவரும் காத்திருந்தார்கள்.