கிட்டங்கித் தராசு

கிட்ட வாங்க மக்காள். வாசலில் நிற்கிறவர்களும் உள்ளே வந்து பாயில் இருங்கள். அங்கே நின்றால் கடற்காற்று என் குரலைக் கொண்டுபோய்விடும். ஒரு மையித்து வீட்டுக் கதை, இழவு வீட்டுக் கதை சொல்லப் போகிறேன். அழவைக்கப் போகிறாள் என்று பயப்படாதீர்கள். இதில் கண்ணீரைவிடக் கோபம்தான் கூட.

பல்கீஸ் கிணற்றில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுவைக்கும் கப்பி கத்தியது. கிணற்றடியில் சேலைகளைச் சுற்றிவரக் கட்டி மறைத்து, அதற்குள்ளே அவளுடைய தம்பி றஊபின் மையித்தைக் குளிப்பாட்டினார்கள். நிறைந்த வாளியை அவள் சேலைக்குக் கீழால் தள்ளுவாள். உள்ளேயிருந்து ஆதம்பாவா மாமாவின் கை வந்து இழுத்துக்கொள்ளும். பிறகு வெறும் வாளி வெளியே வரும்.

"போதும் மகள். நீங்க உள்ளுக்குப் போங்க."

"இன்னும் ஒரு வாளி மாமா."

"தண்ணி காணும் புள்ள."

அவளுக்குக் காணாது. உம்மாவும் வாப்பாவும் போன பிறகு அந்தப் பொடியனை இதே கிணற்றடியில் நிற்கவைத்துக் குளிப்பாட்டி வளர்த்தவள் அவள். அப்போதும் அவன் ஒரு இடத்தில் நிற்க மாட்டான். ஒரு வாளி ஊற்றுவதற்குள் வளவைச் சுற்றி ஓடிவிட்டு வருவான்.

கயிற்றைத் திரும்ப இறக்கும்போதுதான் முன்முற்றத்துப் பேச்சு காதில் விழுந்தது. முதலில் அவள் நம்பவில்லை. இழவு வீட்டில் இப்படியும் கதைப்பார்களா என்று கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"நான் பிழையா ஒண்டும் செய்யல்ல. ஒரு டீமுக்கு முதல்ல உடம்பு வேணும். பிறகுதான் மத்ததெல்லாம்."

அது ஹிஸ்புல்லாவின் குரல். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கங்காணி. நங்கூரம் உதைபந்தாட்டக் கழகத்துக்கும் அவர்தான் செயலாளர். ஆள் பொறுக்குவதும் அவர், ஏசுவதும் அவர், ஆட்டம் முடிந்தால் பிளேன்டீ வாங்கிக் கொடுப்பதும் அவர்.

"பந்து என்ன சீனி மூட்டையா கங்காணியார், தோளில வைச்சுக் கொண்டுபோறதுக்கு?"

இது யோகராசா. சல்லிக் கிராமத்தில் கடல் தொழில் செய்கிறவன். கழகத்தின் கோல்காப்பாளன். றஊபின் கூட்டாளி, றஊப் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவனும் பல்கீஸை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவான்.

"ஓடினா மட்டும் காணுமா? ஓடிப்போய்ப் பந்தை எடுத்தவன் இடிச்சா விழாம நிக்கவும் வேணும். அந்தக் கிரேக்கக் கப்பல்காரனுகள் எங்கட பொடியனுகளைப் பப்பாசி மரத்தத் தள்ளின மாதிரித் தள்ளினத நீ பாக்கல்லயா?"

"பாத்தனான். றஊபை மட்டும் தள்ள ஏலாமப் போனதையும் பாத்தனான். தள்ளுறதெண்டா முதல்ல அவனுக்குக் கிட்ட வர வேணுமே."

"ஒரு கோல் அடிச்சான். அவனுகள் எத்தினை அடிச்சானுகள்?"

"அத நீங்க எண்ணத் தேவையில்ல. கோலுக்குள்ள நிண்டு எல்லாத்தையும் பொறுக்கினவன் நான். ஆனா நீங்க தேடிப் பிடிச்ச தடியன்மார் வந்த பிறகு என்ன நடந்தது?"

"ஒருத்தனும் எங்களை விழுத்தல்ல."

"ஓம். நாங்களும் ஒருத்தனுக்கும் கோல் அடிக்கல்ல. விழாம நிக்கிறதுக்கு லாந்தர்க் கம்பம் காணும் கங்காணியார்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மக்காள், இந்தத் தர்க்கம் எங்கே தொடங்கியது என்று சொல்லாமல் மேலே போனால் பல்கீஸின் கோபம் உங்களுக்கு விளங்காது. வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தேயிலை ஏற்ற வருகிற கப்பல்களின் ஆட்களோடு எங்கள் பொடியன்கள் பந்தடிப்பார்கள். கிரேக்கக் கப்பல்காரர்களிடம் படுமோசமாகத் தோற்ற மறுநாள், ஹிஸ்புல்லா அணி முழுவதையும் அரிசி அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்கு அழைத்துப்போனார். அங்கே சங்கிலியில் தொங்குகிற பெரிய தராசு ஒன்று இருந்தது. ஒரு தட்டில் அரிசி மூட்டையை வைத்தார். மற்றத் தட்டில் ஒவ்வொருவராக ஏறச் சொன்னார். மூட்டை மேலே எழும்பினால் ஆள் அணியில். எழும்பாவிட்டால் வீட்டுக்கு.

றஊப் ஏறினான். மூட்டை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவன்தான் கால்கள் தொங்க மேலே இருந்தான். கிட்டங்கியே சிரித்தது.

அவனுடைய வேலை என்ன தெரியுமா? கப்பல் கரையை அணைக்கும்போது மேலேயிருந்து கயிறு எறிவார்கள். அதை ஓடிப் பிடித்து, இழுத்துக்கொண்டு ஓடி, இரும்புக் குத்தியில் மாட்ட வேண்டும். சுணங்கினால் கப்பல் கல்லில் மோதும். அந்த வேலையில் அவனை விஞ்ச அந்தத் துறைமுகத்தில் ஆள் இருக்கவில்லை. அப்படிப்பட்டவனை ஒரு அரிசி மூட்டை கழித்துவிட்டது.

அடுத்த தடவை அவன் யோகராசாவிடம் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை வாங்கிச் சாரத்து மடிப்பில் முடிந்துகொண்டு போனான். தட்டில் ஏறும்போது முடிச்சு அவிழ்ந்து குண்டுகள் சீமெந்துத் தரையில் உருண்டன. ஹிஸ்புல்லா அவற்றைப் பொறுக்கி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஈயத்தால உடம்பு வராது தம்பி. கயிறு பிடிக்கிறத விட்டுப்போட்டு எனக்குக் கீழ மூட்டைக்கு வா. தோள் முறுகினாத் தராசு உனக்குப் பணியும்."

பொடியன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கயிற்றை விட்டான், மூட்டைக்குப் போனான். இரவில் முதுகுக்கு எண்ணெய் தேய்க்கும்போது பல்கீஸ் ஏசுவாள். "கொஞ்ச நாளைக்குத்தான் ராத்தா, அடுத்த கப்பல்காரனோட ஆடக்குள்ள நான் இடது பக்கம் ஓடுறதப் பாருங்க" என்பான். ஒருநாள் வள்ளத்துக்கும் கரைக்கும் போட்ட பலகையில் மூட்டையோடு சறுக்கினான். அவன் கீழே, மூட்டை மேலே. ஆசுபத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சில நாள் கிடந்தான். அன்று விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மூச்சு நின்றது.

பல்கீஸ் கயிற்றைக் கிணற்றுக் கட்டில் போட்டுவிட்டு, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்பக்கம் வந்தாள். ஆண்கள் வழிவிட்டு விலகினார்கள். பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த, மையித்தை வைத்துத் தூக்குகிற சந்தூக்கு முற்றத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஹிஸ்புல்லா, கழகத்தின் நங்கூரக் கொடியை மடித்து நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"கதைச்சு முடிஞ்சுதா?" என்றாள் பல்கீஸ். "இது மையித்து வீடு. பந்தடிக்கிற வெளி இல்ல."

யோகராசா தலையைக் குனிந்தான். "மன்னிச்சுக்கொள்ளுங்க ராத்தா."

"புள்ள, கொடி கொண்டுவந்திரிக்கம்," என்றார் ஹிஸ்புல்லா. "சந்தூக்குக்கு மேல போடுறதுக்கு. கழகத்துக்கு ஓடின பொடியன்."

"கழகத்துக்கு ஓடினவனா? உங்கட கழகத்தில அவன் இரிக்கானா, கங்காணியார்?"

அதுவரை அவள் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"தராசில ஏத்திக் கழிச்சுப்போட்டுத்தானே மூட்டையத் தூக்கக் குடுத்தீங்க? உசிரோட இரிக்கக்குள்ள அவனுக்குக் கிடைக்காத கொடி மையித்துக்கு என்னத்துக்கு? அத எடுத்துக்கொண்டு போங்க. இந்தப் படலை வாசலுக்குள்ள இனி அது வரப்படாது."

ஹிஸ்புல்லாவின் பெரிய முகம் இருண்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை, மக்காள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் விழுந்த நேரம் நெஞ்சிலிருந்த மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கி எறிந்தவர் அவர்தான். ஆனால் அன்று அதை நினைத்துப் பார்க்கிற நிலையில் பல்கீஸ் இல்லை.

"சரி புள்ள. கொடி வேணாம். தோள் குடுக்கிறன். சந்தூக்குட முன்கால நான் தூக்கிறன்."

"அதும் வேணாம்."

சேலை மறைப்புக்குள்ளிருந்து ஆதம்பாவா மாமா ஈரக் கையோடு வெளியே வந்தார். "மகள், அப்படிச் சொல்லப்படாது. சந்தூக்குக்குத் தோள் குடுக்கிறது எல்லாருக்குமுள்ள நன்மை. வாற ஆளத் தடுக்க நமக்கு உரிமை இல்ல."

"இவர்ட பலத்தால தூக்கினா என்ட தம்பிக்கு நோகும் மாமா."

மாமா ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். "தடுக்கேலாது மகள்," என்று மட்டும் சொன்னார்.

தடுக்க ஏலாது. அது அவளுக்கும் தெரியும். அவள் உள்ளே போனாள். யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், அவள் உட்காரவில்லை. சன்னல் படியில் அந்த ஈயக்குண்டுகள் இருந்தன. றஊப் திருப்பிக் கொடுக்க மறந்தவை. ஒன்றை எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். பிறகு பின்வாசலால் சுற்றிவந்து வேலியோரம் நின்ற யோகராசாவைக் கூப்பிட்டாள்.

அவனோடு இன்னும் சில பொடியன்கள் நின்றார்கள். எல்லாரும் மெல்லிய உடம்பு, நீண்ட கால். தராசில் தோற்று வீட்டுக்குப் போனவர்கள்.

"யோகராசா."

"சொல்லுங்க ராத்தா."

"ஜனாஸாவச் சுணக்கப்படாது. மார்க்கம் அப்படித்தான் சொல்லுது. கெதியாக் கொண்டுபோக வேணும்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு முற்றத்தில் நின்ற ஹிஸ்புல்லாவின் முதுகைப் பார்த்தான்.

"எவ்வளவு கெதியா ராத்தா?"

"அவன் எவ்வளவு கெதி?"

யோகராசா மற்றப் பொடியன்களைக் கையசைத்துக் கிட்டக் கூப்பிட்டான். "விளங்கிச்சு," என்றான்.

கபன் துணி சுற்றி, சந்தூக்கில் வைத்து, ஓதி முடித்தார்கள். முதலில் சொந்தக்காரர்கள் தூக்கினார்கள். படலை வரைக்கும் ஆதம்பாவா மாமாவின் தோள். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. பல்கீஸ் கிடுகு வேலியின் இடைவெளியில் கண்ணை வைத்தாள். தெருவில் இறங்கியதும் ஹிஸ்புல்லா கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி முன்னுக்கு வந்தார். மாமாவின் தோள் இருந்த இடத்துக்குத் தன் தோளை அவர் கொண்டுபோவதற்குள் அங்கே ஒரு மெல்லிய தோள் நுழைந்துவிட்டது. மற்றப் பக்கம் யோகராசா. பின்னுக்கும் இரண்டு பேர். சந்தூக்கு ஒருமுறை உயர்ந்தது, பாரமே இல்லாததுபோல.

"சுறுக்கா! சுறுக்கா!" என்றது யோகராசாவின் குரல்.

கலிமாச் சத்தத்தோடு அவர்கள் நடந்தார்கள். அதை நடை என்று சொல்லத்தான் வேண்டும். மையித்தோடு ஓடினார்கள் என்று சொல்லப்படாது. ஆனால் நான் உங்களுக்கு ஒன்று சொல்லுகிறேன், அப்படியொரு நடையை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை. ஒரு தோள் விலக முன் மறு தோள் கீழே வந்தது. மேலே சந்தூக்கு ஆடவில்லை, சரியவில்லை. பந்தை ஒருவன் காலிலிருந்து மற்றவன் காலுக்குத் தள்ளுவதுபோல அவனைத் தோளிலிருந்து தோளுக்குக் கொண்டுபோனார்கள்.

ஹிஸ்புல்லா பின்னால் போனார். முதலில் பெரிய அடியாக வைத்தார். பிறகு கையை வீசி நடந்தார். மீன் வாடியடியில் அவர் ஓடத் தொடங்கியதை பல்கீஸ் கண்டாள். மூட்டை சுமந்த முதுகு மேலும் கீழும் குலுங்கியது. கை ஒருமுறை முன்னுக்கு நீண்டது. சந்தூக்கின் பின்காலுக்கு இன்னும் இரு கை விரித்த ஒரு பாகம் தூரம் இருந்தது. தெரு கடலோரம் திரும்பும் முடக்கில் சந்தூக்கு மறைந்தது. சற்றுப் பிந்தி அவரும் மறைந்தார்.

பள்ளிவாசலும் மையவாடியும் ஒரே வளவுக்குள்தான். மத்தியான லுஹர் தொழுகையோடு அடக்கம் முடிந்தது.

சனங்கள் திரும்பிவந்து, சலாம் சொல்லிக் கலைந்த பிறகு, எல்லாருக்கும் கடைசியாக ஹிஸ்புல்லா வந்தார். படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பில்லை.

பல்கீஸ் குசினிக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கக்கத்திலிருந்த கொடியைப் படலைத் தூணடிக் கல்லில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். தண்ணீர் தாடியால் வழிந்தது.

"தொழுகைக்கு நிண்டன்," என்றார். "மண்ணும் போட்டன்."

பல்கீஸ் செம்புக்குக் கை நீட்டினாள்.

"தோள்தான்... ஒரு அடிகூடக் கிடைக்கல்ல." செம்பை நீட்டினார். "உங்கட தம்பியப் பிடிக்க ஏலாமப் போச்சு, புள்ள."

அவள் செம்பை வாங்கிக்கொண்டாள். அவர் ஒற்றைச் செருப்போடு துறைமுகப் பக்கம் நடந்தார்.

கொடியை எடுக்க மறந்துவிட்டார். கடற்காற்று எழும்பி, மடிப்பின் ஒரு முனையைக் கிளப்பியது. நங்கூரத்தின் பாதி தெரிந்தது. இன்னொரு வீச்சு வந்தால் தெருவோடு போய்விடும். பல்கீஸ் அதைத் தொடவில்லை, படலைக்குள் எடுத்தும் வைக்கவில்லை. வீட்டுக்குள் போய்ச் சன்னல் படியிலிருந்த ஈயக்குண்டுகளை எடுத்துவந்து, ஒவ்வொன்றாகக் கொடியின் மேல் வைத்தாள்.

அவ்வளவுதான் மக்காள். எழும்பிப் போங்கள், பொழுது சாய்கிறது. உங்கள் வீட்டு முற்றத்தில் ஓடுகிற கால்களுக்கு ஒரு முள்ளும் தைக்காமலிருக்கட்டும். உங்கள் பாரம் சுமக்கிற தோள்களுக்கு நோவு வராமலிருக்கட்டும். பெரிதோ சிறிதோ, உங்கள் பிள்ளைகளை அல்லாஹ் நிறைவாகக் கண்டு, அந்தியில் ஒருவர் குறையாமல் உங்கள் படலைக்குள் கொண்டுவந்து சேர்க்கட்டும்.