நோய்கள் வரும் கடை

எங்கள் ஊரில் மருந்துக்கடைக்கு மனிதர்கள் போவதில்லை. அவரவர் நோய்தான் போய் வாங்கிக்கொண்டு வரும். ஆள் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார். காய்ச்சல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய், தன்னைப் போக்கும் மாத்திரையைத் தானே கேட்டு வாங்கி வந்து தலைமாட்டில் வைக்கும். சளியும் இருமலும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஓடி வரும். இரத்த அழுத்தம் வந்ததும் வராததுமாக ஸ்டூல் கேட்கும். மூலம் மட்டும் நேரே வராது. எதிர்த்த டீக்கடைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, கடையில் கூட்டம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பதே கௌரவமாகச் சொல்வதுதான். கிடந்தேன். யாரைப் பார்த்தாலும் "அடுத்து என்னம்மா?" என்பார்கள். அதற்குப் பயந்து தண்ணீர் பிடிக்கக்கூடக் குழாயடிக்குப் போவதை நிறுத்தினேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. என் மூஞ்சியை மூட ஒரு துப்பட்டா இருந்தது.

அப்பாதான் பார்மசி படிப்பைச் சொன்னார். அப்பா பேர் கோமதிநாயகம். பஸ் ஸ்டாண்டை ஒட்டி வண்டி ஸ்டாண்ட் போட்டிருக்கிறார். வண்டி விட வருகிற ஒருத்தர் விடாமல், என் மக கெமிஸ்ட்ரி படித்திருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தார். சைடு ஸ்டாண்ட் போடுவதற்குள் விஷயம் அவர்கள் காதில் விழுந்துவிடும்.

டி.பார்ம். சேர பிளஸ் டூ போதும். அதாவது என் மூன்று வருஷம் கணக்கிலேயே வராது. மீசை அரும்பாத பையன்களோடும் ரெட்டைச் சடைப் பெண்களோடும் பெஞ்சில் உட்கார வேண்டும்; எல்லோரும் அக்கா என்பார்கள். நினைத்தாலே காது சிவந்தது. சேருவதற்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி.

"சேருறதும் சேராததும் ஒன் இஷ்டம்" என்றார் அப்பா. "முதல்ல திரவியம் அண்ணாச்சி மருந்துக்கடையில கொஞ்ச நாள் உக்காந்து பாரு. நோய்களுக்கு ஒன்னையப் பிடிக்கணும். ஒனக்கு அதுகளப் பிடிக்கணும். அப்புறம் முடிவு பண்ணு."

பார்மசி படிக்கப் போகிற யாரும் எங்கள் பக்கத்தில் அப்படி உட்கார்ந்து பார்ப்பதுதான் வழக்கம். அப்பா ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. யாரும் யோசிக்க மாட்டார்கள். நம் நோய் எந்தக் கடைக்குப் போகிறது என்று நாம் அதனிடம் கேட்பதில்லை. அது மரியாதையில்லை.

திரவியம் அண்ணாச்சி என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். "வேற ஒண்ணும் இல்ல தாயி. யார் வீட்டுதுன்னு கேக்கணும். கேட்டுட்டு மறந்துரணும். கடையில பாத்தத கடையிலயே விட்டுட்டுப் போகணும். வீட்டுல போய் மூச்சு விடப்படாது."

எனக்கு மறப்பது கஷ்டமாக இல்லை, ஏனென்றால் நான் எதையும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. குனிந்த தலையோடு வாங்கி, குனிந்த தலையோடு கொடுத்தேன். ஒருநாள் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் மூலம் ஓடிவந்து மெல்லிய குரலில் என்னமோ சொன்னது. திரும்பக் கேட்க எனக்கு வெட்கம். கைக்குக் கிடைத்த வெந்நீர்ப் பையைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். இது இல்லை என்று சொல்ல அதற்கு வெட்கம். அது வாங்கிக்கொண்டு போய்விட்டது.

"நல்லா ஜோடி சேந்தீங்க ரெண்டு பேரும்" என்றார் அண்ணாச்சி.

புதன்கிழமை மத்தியானம் ஒரு சர்க்கரை வந்தது. சர்க்கரை நோய்கள் பொதுவாக நிதானமானவை, வாடிக்கையாக வருபவை, மாத்திரை பேரைக்கூடச் சொல்வதில்லை, அண்ணாச்சியே எடுத்து வைத்துவிடுவார். நான் பழக்கத்தில் "யார் வீட்டுது?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பதில் இல்லாததால்தான் நிமிர்ந்தேன்.

அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டிருந்தது. இடது காலைத் தாங்கித் தாங்கி நின்றது. அப்பாவும் கொஞ்ச நாளாக அப்படித்தான் நடக்கிறார், கேட்டால் புதுச் செருப்பு கடிக்கிறது என்பார்.

"தப்பான கடைக்கு வந்துட்டேன் போலுக்கு" என்று சொல்லிவிட்டு அது திரும்பி நடந்தது. அண்ணாச்சி எடுத்து வைத்த மாத்திரை அட்டையைத் திரும்ப உள்ளே வைத்தார்.

எங்கள் வீட்டுக் குளியலறை மூலையில், மூத்திரம் போகிற இடத்தில், எறும்பு மொய்க்கும். வெகு நாளாகவே மொய்க்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் நீலக் கரைசலைக் கொதிக்கவைத்து, அது செங்கல் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்து, இதில் சர்க்கரை இருக்கிறது என்று எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். வீட்டில் எறும்புப் பொடி வாங்கித் தூவினேன். கடையில் நின்றபடி அதை நினைத்தபோது, பூமி பிளந்தால் இறங்கிப் போய்விடலாம் என்றிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த காய்ச்சல் ஒன்று எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது.

சாயங்காலம் கடை வேலை முடிந்ததும் அப்பாவின் சர்க்கரையைத் தேடிப் போனேன். தென்காசி பஸ் நிற்கிற இடத்தில், சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வேற கடையில வாங்கிட்டீங்களா?"

"தென்காசிக்குப் போனேன். அங்க நம்ம தெரு ஆஸ்துமா ஒண்ணு நின்னுச்சு. திரும்பி வந்துட்டேன்."

"கால்ல புண்ணா?"

"ஆறல."

"நான் நாளையிலருந்து கடைக்கு வரல. பார்மசியும் வேண்டாம். நீங்க போய் வாங்கிக்கோங்க."

அது கால் பெருவிரலைத் தடவிக்கொண்டது. "நீ வீட்டுல இருந்தா அவருக்குக் கேவலம். நீ கடையில இருந்தா எனக்குக் கேவலம். எங்க போக, சொல்லு."

"ஏன் சொல்லவே இல்ல எங்ககிட்ட?"

"மக படிச்ச பிள்ள. நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவன், தகப்பனுக்குச் சர்க்கரை, மகளுக்கும் வரும்னு எந்திரிச்சுப் போயிட்டா? அதான் ஒளிச்சு வச்சாரு. ஒளிக்க ஒளிக்க நானும் நல்லா வளந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுவது வெட்கக்கேடு. அழுதேன். சர்க்கரை வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்து யாரும் பார்க்காதபடி என்னை மறைத்தது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். கடையில் பார்த்ததை வாயைத் திறந்து சொல்ல முடியாது. அண்ணாச்சிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் வெட்கம் என்னுடையது. அதைச் சொல்ல யார் அனுமதியும் வேண்டியதில்லை.

"அப்பா, எனக்கு வெக்கமா இருக்கு."

"எதுக்கு?"

"மூணு வருஷம் படிச்சேன். ஒண்ணும் தெரியல. சின்னப் பிள்ளைகளோட போய் உக்கார வெக்கமா இருக்கு. கடையில ஒரு நோயோட மூஞ்சிய நிமிந்து பாக்க வெக்கமா இருக்கு. நீங்க ஸ்டாண்டுல என்னையப் பத்திப் பெருமை பேசுறத நினைச்சா அதைவிட வெக்கமா இருக்கு. வெக்கப்பட்டே உங்ககிட்ட பேசுறத விட்டுட்டேன். உங்க கால் ஏன் நொண்டுதுன்னுகூட நான் சரியாக் கேக்கல."

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிடு" என்றார். அவர் சாப்பிடவில்லை.

வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாலும் மறுநாள் காலையில் கடைக்குப் போனேன்; நல்ல கூட்டம். ஊரில் புதுத் தண்ணீர் வந்திருந்ததால் வயிற்றுப்போக்குகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்றன. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் அப்பா நின்றார். அப்பாவின் நோய் அல்ல, அப்பாவே. நோய்கள் விலகி வழி விட்டன. ஒரு காய்ச்சல் எழுந்து பெஞ்சில் இடம் கொடுத்தது. வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"சர்க்கரை மாத்திரை வேணும்."

நிமிர்ந்து பார்த்துக் கேட்டேன். "யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் குரல் தெருவரைக்கும் கேட்டது. அண்ணாச்சி வழக்கமான அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அப்பா கையில் கொடுத்தேன்.

"எத்தன நாளாப்பா?"

"நீ பிளஸ் டூ படிக்கையில இருந்து." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அதை அவர் கடை வெளிச்சத்தில் பார்த்ததில்லை. "இதைச் சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா? அது என்னமோ சொல்லும், நான் சரியாக் கேக்கறதில்ல."

"சாப்பிட்டதும் போடணும். செருப்பக் கழத்துங்க, கால் புண்ணப் பாக்கணும்."

அத்தனை நோய்களுக்கும் முன்னால் அப்பா செருப்பைக் கழற்றினார். புண்ணைப் பார்த்தேன். இன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும் என்று சொன்னேன். "நீ கூட வா, எனக்குக் கேவலமா இருக்கு" என்றார். "எனக்கும்தான்" என்றேன். அண்ணாச்சி எங்களை அனுப்பிவைத்தார்.

"ஸ்டாண்டுல யாருப்பா இருக்கா?"

"அதுதான் இருக்கு. டோக்கன் நல்லாத்தான் கிழிக்கு."

வெள்ளிக்கிழமை நான் பார்மசி கல்லூரிக்குப் போனேன். காலில் கட்டோடு அப்பாவும் வந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் நான் பயந்த மாதிரியே சின்னப் பிள்ளைகள். பெற்றவர்களுக்கு வேலை இருந்ததால் அவரவர் நோய்களைத் துணைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு பையனோடு மூட்டுவலி வந்திருந்தது. இன்னொருத்தனோடு வந்த தைராய்டு, ஆபீஸ் அறையை எட்டி எட்டிப் பார்த்தது. எனக்கு முன்னால் நின்ற ரெட்டைச் சடைப் பெண் திரும்பினாள்.

"அக்கா, உங்ககூட யாரு வந்திருக்கா?"

காது சிவந்தது. இருந்தாலும் சத்தமாகவே சொன்னேன். "எங்க அப்பா."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த தன் அம்மாவின் ஒற்றைத் தலைவலியிடம், "கொஞ்சம் எந்திரிச்சு எடம் குடுங்க, பாவம், துணைக்கு ஒரு நோய்கூட இல்லாம அவரு தனியா வந்திருக்காரு" என்றாள். தலைவலி எழுந்து நின்றது. அப்பா உட்கார்ந்தார்.