எட்டாவது நாற்காலி

எங்கள் சங்கத்துக்குப் பல்கலைக்கழகம் ஓர் அறை கொடுத்திருந்தது. மாணவர் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் படிக்கட்டுக்குக் கீழே. மோட்டார் ஓடினால் சுவர் உறுமும். ஜன்னலைத் திறந்தால் மூட முடியாது, மூடினால் திறக்க முடியாது. ஏழு நாற்காலிகள், பூட்டாத ஒரு பீரோ, தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கெட்டில். ஆனால் அந்த வளாகத்தில் நாங்கள் எங்கள் மொழியில் வாய்விட்டுப் பேச இருந்த ஒரே இடம் அதுதான்.

வெளியே பேசக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. பேசினால் பக்கத்தில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான், அதேபோல் பேசிக் காட்டுவான், நாலு பேர் சிரிப்பார்கள். இதற்குச் சட்டமே தேவலை. நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் இரண்டாம் வருடப் பையன், விடுதியிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்வதையே நிறுத்திவிட்டிருந்தான். அவன் அம்மாவுக்கு வேறு மொழி தெரியாது. தினமும் சாயங்காலம் எங்கள் அறைக்கு ஓடி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் கத்திப் பேசுவான். நான் ஆராய்ச்சி மாணவி, சங்கத்துக்குத் தலைவி. அவன் போடும் சத்தத்தில் எனக்கு ஒரு வரி எழுத ஓடாது. திட்டுவேன். அவன் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டான்.

பருவம் தொடங்கிய வாரம் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். எட்டு உறுப்பினர்கள் இல்லாத சங்கம் அறையைக் காலி செய்ய வேண்டும். உறுப்பினருக்கு அதுதான் தாய்மொழி என்பதற்குப் பள்ளிச் சான்றிதழ் காட்ட வேண்டும். காலியாகும் அறைகளின் சுவரை இடித்து ஒன்றாக்கி ‘பன்மைக் கூடம்’ கட்டப் போகிறார்களாம். எங்களை வெளியே தள்ளிவிட்டு எங்களைக் கொண்டாட ஒரு கூடம். நல்ல கூத்து! நாங்கள் இருந்தது ஏழு பேர். வெள்ளிக்கிழமைக்குள் இன்னொருவர் வேண்டும்.

எங்கள் ஆட்கள் வளாகத்தில் இருபது பேராவது இருப்பார்கள். கால் விரலை எதிலாவது இடித்துக்கொள்ளும்போது வாயில் வருவது எந்த மொழி என்று கவனித்தால் போதும், கண்டுபிடித்துவிடலாம். பொருளாதாரத் துறையில் ஒருத்தி இருந்தாள். சுகாதார நிலையத்தில் ஊசி போட்டபோது நர்ஸின் பரம்பரையையே எங்கள் மொழியில் திட்டியவள். முதலில் அவளிடம்தான் போனேன்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எங்க வீட்ல அதெல்லாம் பேசறதில்ல.”

“அன்னைக்கு நர்ஸம்மாவ திட்டுனியே, அது என்ன பாஷை?”

“அது சும்மா வாயில வந்துருச்சு.” அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். “அடுத்த மாசம் இன்டர்வியூ இருக்குக்கா. என் பேர எந்த லிஸ்ட்லயும் போட்டுடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

கெஞ்சியதும் எங்கள் மொழியில்தான். ஆறு பேரிடம் போனேன். ஆறு பேரும் நழுவினார்கள். முதுகெலும்பில்லாத ஜன்மங்கள் என்று அறைக்கு வந்து கத்தினேன்.

“ஏங்க்கா தொண்டையக் கிழிச்சுக்கறே? ஒருத்தர்தானே குறையுது? நான் இருக்கேன்ல!” என்றான் என் தம்பி.

அந்த மாதம்தான் அவன் முதல் வருடம் சேர்ந்திருந்தான். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். வகுப்பில் முதல் நாளே எங்கள் மொழியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, சிரித்தவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தானாம். நூலகத்துக்குப் பின்னால் குப்பையில் கிடந்த ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, ஆடிய காலுக்கு ஆணி அடித்தான்.

“எட்டாவது சீட் ரெடி. எனக்கு எழுதப் படிக்கத்தான் வராது. பேச்சுல எவனாவது எங்கிட்ட நிக்க முடியுமா?” என்றான்.

நெட்டைக்கு முகமெல்லாம் பல். எனக்கும் தலையிலிருந்து மலை இறங்கியது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை தம்பியும் நானும் அலுவலகத்துக்குப் போனோம். பன்மைப் பிரிவு என்று பலகை. சுவர் முழுக்கப் பல நிறக் கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் படங்கள். குமாஸ்தா எங்கள் ஏழு சான்றிதழ்களையும் பார்த்து முத்திரை குத்தினார். எட்டாவதாகத் தம்பியின் பள்ளி அனுப்பியிருந்த உறையைப் பிரித்தார். படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“தம்பி, இதுல உன் தாய்மொழி வேறல்ல போட்டிருக்கு?”

தம்பி சிரித்தான். “தப்பா அடிச்சிருப்பாங்க சார். இது எங்க அக்கா. அக்காவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா இருக்குமா?”

உள்ளேயிருந்து அதிகாரி அம்மா வந்தார். நல்ல மாதிரிதான் பேசினார்.

“நாளைக்கு யார் வேணும்னாலும் வந்து இதான் என் மொழின்னு சொல்லலாம் இல்லையா? எங்களுக்குக் காகிதம்தாம்மா முக்கியம்.”

“பேசிக் காட்டட்டுமா மேடம்?” என்றான் தம்பி. பதிலுக்குக் காத்திராமல் பேசவும் தொடங்கிவிட்டான். எங்கள் அப்பா பேருந்தைத் தவறவிட்ட கதை. வீட்டில் அவன் அதைச் சொன்னால் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

“நல்லாப் பேசறீங்க. ஆனா அது அந்த மொழிதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் அதிகாரி அம்மா.

குமாஸ்தாவுக்கு மனது கேட்கவில்லை. உறைக்குள் கிடந்த பள்ளிச் சேர்க்கை விண்ணப்பத்தின் நகலை எடுத்தார். “இதுலயாவது சரியா இருந்தா ஏதாவது பண்ணலாம்” என்று தம்பியிடம் நீட்டினார். தம்பி பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

குண்டு குண்டான எழுத்து. என் எழுத்து.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அவனுக்கு ஐந்து. அப்பாவுக்கு அந்த விண்ணப்பத்தைப் படிக்கத் தெரியாது. என் முன்னால் வைத்து, நிரப்பும்மா என்றார். அந்த வாரம்தான் வகுப்பில் என்னை மேசைமேல் ஏற்றி நிறுத்தி, எங்கள் மொழியில் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லி, ஒவ்வோர் எண்ணுக்கும் சிரித்தார்கள். தாய்மொழி என்ற கட்டத்தில் பேனா நின்றது. இந்தக் குழந்தைக்கு இது வேண்டாம் என்று நினைத்தேன். அவர்கள் மொழியின் பெயரை எழுதினேன்.

“எல்லாம் சரியா எழுதிட்டியாம்மா?” என்று அப்பா கேட்டார்.

“எழுதிட்டேம்ப்பா.”

அன்றோடு மறந்தும் போனேன். பிறகு ஊரில் உள்ள கோழைகளையெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

வராந்தாவில் தம்பி படிக்கட்டருகே நின்றான். திரும்பிக் கேட்டான்.

“வாரத்துக்கு ஒருநாள் நம்ம பாஷை கிளாஸ் நடக்கும். நம்ம தெருப் பசங்க எல்லாரும் உள்ள போவாங்க. என்னை மட்டும் விடமாட்டாங்க. டீச்சருக்கு என்னைப் பிடிக்கலன்னு வீட்டுல வந்து அழுவேன். ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அழுதவனுக்கு முகம் கழுவிவிட்டு, அந்த டீச்சர் கிடக்கிறாள் என்று சொன்னது நான்தான்.

“உனக்கு நல்லதுன்னு நெனச்சுதான்டா...” சொல்லும்போதே அருவருப்பாக இருந்தது. அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

சான்றிதழைத் திருத்த எழுதிப் போட்டோம். இரண்டு மாதம் ஆகும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை அறையைக் காலி செய்தோம். நெட்டை கெட்டிலைத் துணியில் சுற்றினான். அவன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. வாசலில் சுவரை இடிக்க வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் மூலையில் திரும்பி நின்று, “ம்... ம்...” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

தம்பி வருவான் என்று நான் நினைக்கவில்லை. வந்தான். ஆணி அடித்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

“இத எங்க வைக்கணும்?”

அவன் கேட்டது அவர்கள் மொழியில். பிறந்ததிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தைகூட அதில் பேசியதில்லை. சுத்தமாக, பிசிறில்லாமல் பேசினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“கீழ வச்சிடுடா, நான் பாத்துக்கறேன்” என்றேன் எங்கள் மொழியில்.

“கீழன்னா எங்க?” மறுபடியும் அதே மொழி. முகத்தில் கோபம்கூட இல்லை.

நெட்டை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தம்பி பதிலுக்குக் காத்திருந்தான்.

குப்பை போடும் இடத்தில், நூலகத்துக்குப் பின்னால் என்று சொன்னேன். அவனுடைய மொழியிலேயே சொன்னேன்.