முந்திக்கொண்ட பெட்டி

மணி ஒன்பது இருபது. பத்து மணிக்குச் செய்முறைத் தேர்வு. ஒண்டாங்வா ஊருக்கு வடக்கே இருந்த அந்தப் பள்ளியின் இருபது கம்ப்யூட்டர்களும் கறுத்த திரையோடு உட்கார்ந்திருந்தன.

தைமி டீச்சருக்கு அழக்கூடத் தெம்பில்லை. அந்தக் கம்ப்யூட்டர்களுக்குள் சொந்தமாக ஒன்றும் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் யாராவது இருக்கிறீர்களா என்று வயர் வழியே கேட்கும். மூலையில் இரைகிற பழைய சர்வர் பதில் சொல்லி, வேண்டியதையெல்லாம் அனுப்பினால்தான் எழும். சர்வர் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்று தேர்வு நடக்காவிட்டால் வெளியே நிற்கும் இருபது பிள்ளைகளுக்கும் இந்தப் பாடத்தில் மதிப்பெண்ணே இல்லை.

எல்லா வயரையும் மூன்று முறை பிடுங்கிச் செருகிவிட்டாள். கடைசியில், தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டிருக்க, துடைப்பத்தோடு நின்ற காவலாளி கிளியோபாஸ்மேல் பாய்ந்தாள்.

"கூட்டுறேன் கூட்டுறேன்னு வயரை இழுத்து வெச்சீங்களா டாட்டே? பிள்ளைங்க வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டீங்களே."

"நான் தொடவே இல்ல மேமே," என்றார் அவர். அந்தப் பக்கத்தில் ஐயாவுக்கு டாட்டே, அம்மாவுக்கு மேமே. தலைமையாசிரியர் அவரை முறைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

ஒன்பது நாற்பதுக்கு, அலமாரிக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு அவள் கண்ணில் பட்டது. அவளுடைய வைஃபை பெட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் அணைத்த பிறகு அவளே பள்ளி வயரில் செருகியது. வீட்டில் சிக்னல் கிடையாது. தூரத்து வால்விஸ் பேயில் தன் அப்பாவோடு இருக்கும் ஆறு வயது மகளின் முகத்தை வாரம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? பார்த்தாள், கழற்ற மறந்தாள். கம்ப்யூட்டர்கள் கேட்டதற்குக் கிழட்டு சர்வரை முந்திக்கொண்டு இந்தப் பொடிசு பதில் சொல்லியிருக்கிறது. அனுப்பத்தான் அதனிடம் ஒன்றுமில்லை.

பிடுங்கினாள். எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டாள். பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கடைசித் திரையும் எழுந்தது.

தேர்வு நடத்த வந்தவர் கதவைச் சாத்தியதும் வராந்தாவில் கிளியோபாஸைப் பிடித்தாள். "தப்பு என்னோடது டாட்டே. என் பெட்டிதான் காரணம்."

"காலையிலயே பார்த்தேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"ஹெட்மாஸ்டர் பக்கத்துல நின்னாரு. பள்ளிக்கூட லைன்ல வீட்டுக்குப் பேசுறீங்கன்னு தெரிஞ்சா விடுவாரா? அதனாலதான் இதெல்லாம் எழலைன்னு எனக்கென்ன தெரியும்."

தைமி வெட்கத்தில் குறுகிப்போனாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைப் பக்கம் நடந்தாள்.

"வெள்ளிக்கிழமை பாப்பா காத்திருக்குமே மேமே," என்றார் கிளியோபாஸ் பின்னாலிருந்து.

"தெரியும் டாட்டே," என்றாள் திரும்பாமலே.