கூட இருப்பவர் சொல்வது

"முன்ன மாதிரி வீட்டு விஷயத்துல அபிப்பிராயம் சொல்றாராம்மா?" என்று நர்ஸ் கேட்டதும் மேஸ்திரியின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேஸ்திரிக்கு நடுக்குவாதம் வந்து நாலு வருஷம். கை நடுக்கத்தை டாக்டரே பார்த்துத் தெரிந்துகொள்கிறார். மனசு எதிலும் ஒட்டாமல் போவதை மட்டும் நோயாளியிடம் கேட்டுப் பயனில்லையாம். நல்லாத்தான் இருக்கேன் என்பார்களாம். அதனால் கூட இருப்பவரைக் கேட்டு எழுதுகிறார்கள். மேஸ்திரியை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கட்டங்கள்: எப்போதும் போல, கொஞ்சம் குறைவு, ரொம்பக் குறைவு.

முன்பெல்லாம் என்ன பாடு! முப்பத்தெட்டு வருஷம் கட்டடம் கட்டிய மனுஷருக்கு வீடும் ஒரு கட்டடம்தான். அவள் அங்கே சித்தாள். கட்டில் விரற்கடை நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். காய் நறுக்கினால் பின்னால் வந்து நின்று ஏன் இவ்வளவு பெரிசு என்பார். அந்தக் குரல் ஓய்ந்து ஒன்றரை வருஷமாகிறது. சொன்ன இடத்தில் உட்காருகிறார், வைத்ததைச் சாப்பிடுகிறார். அவள் தன் இஷ்டத்துக்கு ஜன்னலுக்கு மஞ்சள் திரை வாங்கி மாட்டினாள். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு சமைத்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்துக்குப் பிறகு வீடு அவள் கைக்கு வந்திருந்தது. மருந்தை மாற்றி, பழைய மேஸ்திரி எழுந்து வந்துவிட்டால்?

"எப்பவும் போலத்தான்" என்றாள். அடுத்த கேள்விக்கும் அதையே சொன்னாள். கடைசி வரைக்கும் அதையே.

அப்படியானால் மருந்து மாற்ற வேண்டியிருக்காது என்று நர்ஸ் பேனாவை மூடினாள்.

வராந்தாவில் மேஸ்திரி விட்ட இடத்தில் விட்டபடி இருந்தார். எதிர்ச் சுவரில் ஒருவன் ஓடு பதித்துக்கொண்டிருந்தான். நூல் பிடிக்காமல் பதித்திருப்பான் போல. மூன்றாவது வரிசை கோணிக்கொண்டு போனது. அவளுக்கே தெரிந்தது. மேஸ்திரி அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவம்கூட அசையவில்லை.

அவள் வந்த வழியே திரும்பி உள்ளே போனாள்.

"பொய் சொல்லிட்டேம்மா. அவருக்கு எல்லாமே குறைஞ்சு போச்சு. எனக்கு நிம்மதியா இருந்துச்சு, அதான் சொல்லல."

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்க்கவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

"அதையும் சொல்லுங்கம்மா. உங்களப் பத்தி எழுதவும் கீழ இடம் இருக்கு."

இந்த முறை அரைமணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் தலையில் இருந்த சுமையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. கைத்தாங்கலாக அவரை நடத்திக்கொண்டு வரும்போது, உள்ளே சொன்னதையெல்லாம் அவரிடமும் ஒப்பித்தாள். மஞ்சள் திரையைக்கூட விடவில்லை. மருந்து மாறப்போகிறது என்றாள்.

"நீங்க பேசாம இருந்தது எனக்கு நிம்மதியா இருந்துச்சுன்னும் எழுதியிருக்காங்க."

அவருக்கு வார்த்தை வர நேரமாகும். படியிறங்கி, வாசலைத் தாண்டி, சாலைக்கு வந்த பிறகு வந்தது.

"நிம்மதியா இருந்துட்டுப் போயேன்."

அவள் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

பஸ் நிறுத்தத்தில் மரப்பலகை பெஞ்சில் பாதிக்குத்தான் நிழல். மேஸ்திரி வெயில் பக்கமாக உட்கார்ந்தார். அவளுக்காக நிழலை விட்டுக்கொடுத்தாரா, கால் போய் நின்ற இடத்தில் உட்கார்ந்தாரா, தெரியவில்லை. அவள் நிழலில் உட்கார்ந்தாள். பலகையைப் பிடித்திருந்த அவர் கையின் நடுக்கம், மரத்தின் வழியே மெல்ல அவளிடம் வந்துகொண்டிருந்தது.