தாம்பிரபரணிச் சுரங்கக் காலேஜ்

தென்பாண்டிச் சீமையின் சகல ஜனங்களுக்கும், துரைத்தனத்தாருக்கும், பொதிகை மலைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும் உலோகங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: தாம்பிரபரணி எஞ்சினீரிங் மற்றும் சுரங்கக் காலேஜின் ஸ்தாபகரும் பிரின்சிபாலுமான மகாராஜராஜஸ்ரீ சிவசண்முகம் பிள்ளையவர்கள் இன்று காலை இரண்டு கரண்டி கஞ்சி சாப்பிட்டு, அதில் ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு கரண்டியை அவருடைய மகள் கோமு ஈரத்துணியால் அவர் மோவாயிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் நின்று மேற்படி அறிவிப்பை உரக்கச் சொன்னவர் ஆவுடைநாயகம். படுத்திருப்பவருக்குத் தம்பி மகன். காலேஜில் பாலம் கட்டும் சாஸ்திரத்துக்குப் புரொபசர்.

"ஒண்ணு நின்னுட்டுல்லா, அது நல்ல குறிதாம்வே," என்றார் நீர்ப்பாசனப் புரொபசர் கைலாசம் பிள்ளை.

நேற்று இரண்டும் நின்றிருந்தன. கோமு அதைச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போட்டு, மோர் கேட்பார்கள்.

சிவசண்முகம் பிள்ளை மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து, மடையும் மண்ணும் பார்த்து ஓய்ந்தவர். பாளையங்கோட்டையில் பென்ஷனும் விபூதியுமாகக் காலம் தள்ளியிருக்க வேண்டியவர், மைசூர்ச் சீமைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். போன இடத்தில் தங்கச் சுரங்கம் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரன் இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கி, தொப்பி கசங்காமல் மேலே வந்தான். அன்றிலிருந்து பிள்ளைக்குப் பூமிக்கு மேலே இருக்கிற எதுவும் ருசிக்கவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்திக்கு முடிசூட்டிய வருஷம், முன்னறையில் காலேஜ் திறந்தாயிற்று.

துறைகள் ஐந்து என்று நோட்டீஸ் அடித்தார்கள். புரொபசர்களைப் பொறுக்கியெடுத்ததில் பிள்ளை பட்ட சிரமம் கொஞ்சமல்ல. ஆவுடைநாயகம் ஆற்றுப் பாலத்தைத் தினமும் கடந்து டவுனுக்குப் போய் வருகிறவர், ஆகவே பாலம். கைலாசம் பிள்ளை வாய்க்கால் தண்ணீருக்காகப் பங்காளிகள் எல்லோர் மேலும் வழக்குப் போட்டு எல்லாவற்றிலும் தோற்றவர். நீர்ப்பாசனத்தில் அவருக்கு மிஞ்சிய அனுபவம் யாருக்கு? பூமி அளவையைப் பிள்ளையே வைத்துக்கொண்டார். யந்திர சாஸ்திரத்துக்கு, தையல் மிஷின் வைத்திருந்த ஒருவரை யோசித்து வைத்திருந்தார்கள். சுரங்க சாஸ்திரம் மாப்பிள்ளை காந்திமதிநாதனுக்குப் போயிற்று. கல்யாணமான புதிதில் கோமு கிணற்றில் தவறவிட்ட குடத்தை அவன் இறங்கி எடுத்ததைப் பிள்ளை கண்ணால் பார்த்திருந்தார்.

மாணவர்கள் என்கிற சில்லறை விஷயம் மட்டும் கூடி வரவில்லை. ஒரே ஒருவர் வந்து கதவைத் தட்டினார். பக்கத்து வீட்டு விலாசம் கேட்டுக்கொண்டு போனார்.

சிரிக்கக்கூடிய விஷயம்தான். கோமுவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காந்திமதிநாதன் முன்சீப் கச்சேரியில் நகல் எழுதிக்கொண்டிருந்தவன். புரொபசர் ஆவதற்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்தான். வீட்டில் உலை வைப்பது அப்பாவின் பென்ஷனில். அப்பாவின் மூச்சோடு அதுவும் நின்றுவிடும். போன வாரம்தான் கச்சேரியின் தலைமைக் குமாஸ்தா சிரஸ்தார் ஆள் அனுப்பியிருந்தார்: பழைய இடம் காலியாக இருக்கிறது, மாதம் முடிவதற்குள் வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்று. காந்திமதிநாதன், "மாமா இப்படிக் கெடக்கையில நான் எப்படி விட்டுட்டுப் போறது?" என்றான். மாமா சம்மதித்தால் போவான். அதற்காகத்தான் கோமு கஞ்சிக் கரண்டியும் கையுமாகக் காத்திருந்தாள்.

உச்சிப் பொழுதில் பெரியவருக்கு நினைவு தெளிந்தது. கோமு காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். வெந்நீர்ச் செம்போடு காந்திமதிநாதன் கதவோரம் நின்றான்.

"ஏட்டி, மலையில தங்கம் கெடக்குட்டி."

"கெடக்கட்டும்பா. எங்க போயிரப் போகுது."

"யாரும் வரலேல்லா?"

காலேஜில் சேர வருகிறவர்களைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். "வருவாவப்பா."

"வரமாட்டாம்ட்டி." கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "காந்திமதி நல்லா எழுதுவான். அவன் கச்சேரிக்கே போகட்டும். இங்கன கெடந்து என்ன செய்ய?" என்றார்.

கோமு திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் செம்பைப் பையக் கீழே வைத்தான்.

கோமுவுக்கு இந்தச் சம்மதம் ஆறிப்போவதற்குள் இன்னொரு ஆணின் காதில் போட்டு வைக்க வேண்டும் என்று தோன்றியது. புழக்கடையில் கை கழுவ வந்த ஆவுடைநாயகத்தை நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, அப்பாவே போகச் சொல்லிட்டாவ. நீங்களும் அவுகளுக்கு ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லணும். சிரஸ்தார் இந்த மாசம் வரைக்கும்தான் பொறுப்பாராம்."

"எந்த எடம்? மாப்ள முன்னால பாத்த அதே நகல் எழுத்தா?"

"அதேதான்."

"பரீட்சை கிரீட்சை எதுவும் கேக்கானா?"

"எழுத்து நல்லாருந்தாப் போதுமாம்."

"நீ கவலைய விடு தாயி. நான் பாத்துக்கிடுதேன்."

விளக்கு வைக்கிற நேரத்தில் சிவசண்முகம் பிள்ளை செத்துப்போனார். ஒரு சத்தமும் இல்லை. கோமு முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள். பார்வதியம்மாள்தான் பக்கத்து வீட்டிலிருந்து வந்து பார்த்து, "போதும்ட்டி, நிறுத்து," என்று அவள் கையைப் பிடித்தாள்.

விடிந்ததும் பிரேதத்தைக் குளிப்பாட்ட ஆற்றுத் தண்ணீர் எடுத்து வர வேண்டும். நீர்மாலைக்குக் குடங்கள் தயாராக இருந்தன. சங்கு ஊதுகிறவன் ஒரு தடவை ஊதினான். யாரும் கிளம்பவில்லை. முன்னறையில் காலேஜ் கூடியிருந்தது.

"ஸ்தானம் காலியா இருக்கப்பிடாது. ராஜாங்கத்துல அப்படி விடுவானா?" என்றார் கைலாசம் பிள்ளை. "ஆம்பிளப் பிள்ள இல்ல. கொள்ளி வைக்கது யாரு? ஆவுடைநாயகம். அப்ப பிரின்சிபாலும் அவருதாம்வே."

ஆவுடைநாயகம் காதைப் பொத்திக்கொண்டார். "அபசாரம்! கொள்ளி ரத்தத்துக்கு. பதவி வித்தைக்கு. பெரியப்பா எடத்துல உக்கார மாப்ளைய விட்டா ஆளு உண்டா? சுரங்கம் படிச்ச தலை!"

பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்த நடையிலிருந்து கோமு எழுந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஆவுடைநாயகத்தைப் பார்த்தாள். அவர் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா அவுகளைக் கச்சேரிக்குப் போகச் சொல்லிட்டுத்தான் செத்தாவ," என்றாள்.

"துக்கத்துல பேசுதா, பாவம்," என்றார் கைலாசம் பிள்ளை. "யாருட்டி கேட்டா?"

"அவுகளும் நின்னு கேட்டாவ."

எல்லோரும் காந்திமதிநாதன் பக்கம் திரும்பினார்கள். வெளியே சங்கு இன்னொரு தடவை ஊதிற்று. காந்திமதிநாதன் தரையைப் பார்த்தான். பிறகு பெரியவரின் நாற்காலியைப் பார்த்தான். பிரம்பு பின்னிய, கை வைத்த நாற்காலி. கச்சேரியில் அவன் உட்கார்ந்தது முக்காலி.

"மாமா சொன்னது எனக்குச் சரியாக் காதுல விழல," என்றான்.

சொல்லிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துண்டைத் தோளில் போட அவிழ்க்கப் போய், சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து, மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் சுருக்காக நடந்தது. தண்ணீர் வந்தது. குளிப்பாட்டினார்கள். கோமு வாய்க்கரிசி போட்டாள். அரிசி உதட்டிலேயே நின்றது. பாடை தெரு முனையைத் தாண்டும்வரை பெண்கள் அழுதார்கள். அவள் அழவில்லை. எத்தனை இரவு விழித்தாளோ, சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். ஊரில் அதையும் பேசினார்கள்.

வெள்ளக்கோயில் சுடுகாட்டில் ஆவுடைநாயகம் மொட்டை போட்டுக்கொண்டு குறைவில்லாமல் கொள்ளி வைத்தார். பாலத் துறையின் சார்பில் சிறிது அழவும் செய்தார்.

பதினாறு முடிவதற்கு முன்பே ஒரு நாள், பார்வதியம்மாள் புழக்கடை வழியாக வந்தாள்.

"ஏட்டி கோமு, உங்க அண்ணாச்சி மொட்டைத் தலையில தலைப்பாவக் கட்டிக்கிட்டுத் தெனம் காலைல எங்க போறாவன்னு பாத்தேன். முன்சீப் கச்சேரியில எழுத்து வேலையாம்லா? ஏதோ ஒரு எடம் காலியா இருந்துதாம். யாரு சொன்னாளோ, நல்ல மனசு!"

கோமு மோர் கடைந்துகொண்டிருந்த மத்தை நிறுத்தினாள்.

முன்னறையிலிருந்து காந்திமதிநாதனின் குரல் கேட்டது. யந்திர சாஸ்திரத்தை இனியும் தள்ளிப்போட முடியாது என்று கைலாசம் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் மத்தைச் சுழற்ற ஆரம்பித்தாள்.

முன்சீப் கச்சேரியில் வேறு இடம் எதுவும் காலியில்லை.